சக்கரத்தை இடம்பெயராமல் காக்கும் கை



கார் வைத்திருக்கும் குடும்பங்கள் முன்னாளில் நம் பங்குகளில் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே இருந்தன. இன்று நிலைமை வேறு. புதிய வண்டி வாங்க இயலாதோரும், பிறர் ஓட்டிக் கழித்த வண்டியொன்றைத் தவணையில் வாங்கி, திருமணத்திற்கும் மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் விடுதிக்கும் குடும்பத்தோடு சென்று வருகின்றனர். அவ்வாறு வாங்கிய ஓராண்டு ஈராண்டுக்குள் அவர்களுள் பலர் செவியில் விழும் சொற்றொடர் ஒன்று உண்டு: "லோயர் ஆர்ம் போயிருக்கு, மாத்தணும்."

பட்டறையில் இதைக் கேட்டதும், லோயர் ஆர்ம் என்பது யாது, அது வண்டியில் எங்கே இருக்கிறது, போய்விட்டது என்றால் அதற்கு என்ன நேர்ந்தது என்று வினவ நமக்குத் தயக்கம். சிலர் வாய் திறவாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றனர். வேறு சிலர், "வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, இவர்கள் எப்போதும் இப்படித்தான் சொல்வார்கள்" என்று புறக்கணித்துச் சென்றுவிடுகின்றனர். முன்னவர் இழப்பது பணம். பின்னவர் இழக்கக்கூடியதோ பணத்தினும் பெரிது. எனவே இந்தத் திங்கள் இப்பொருளைக் குறித்துச் சற்று விரிவாகக் காண்போம்.

கண்ட்ரோல் ஆர்ம் என்பதனைத் தமிழில் கட்டுப்பாட்டுக் கை எனலாம். ஆயினும் உதிரிப்பாகக் கடையில் போய் அவ்வாறு கேட்டால், கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அங்கே அது கீழே இருந்தால் லோயர் ஆர்ம், மேலே இருந்தால் அப்பர் ஆர்ம். நாமும் அப்பெயர்களையே கொள்வோம். கை என்னும் சொல் மட்டும் பொருளை விளக்குவதற்கு மிகவும் ஏற்றது. அதை இடையிடையே கையாள்வேன்.

முதலில் மாட்டுவண்டியை எண்ணிப் பாருங்கள். இரு சக்கரங்களுக்கும் நடுவே ஓர் அச்சு. அச்சு வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் கல்லின் மேல் ஏறினால் வண்டியும் ஏறும்; உள்ளே இருப்பவரின் முதுகெலும்பும் உடன் ஏறும். லாரியில் இக்குறையை நீக்க, அச்சுக்கும் உடலுக்கும் இடையே பட்டை பட்டையாக அடுக்கிய எஃகு ஸ்பிரிங்கை வைத்தனர். இந்தப் பட்டை ஸ்பிரிங் இரு பணிகளை ஒருங்கே செய்கிறது. ஒன்று, பாரத்தைத் தாங்கி அதிர்ச்சியை ஏற்றுக்கொள்வது. மற்றொன்று, அச்சு முன்னோ பின்னோ பக்கவாட்டிலோ நகர்ந்துவிடாதபடி இருத்திப் பிடிப்பது. பட்டையின் இரு முனைகளும் வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால் இது கைகூடுகிறது.

ஆனால் காரின் முன்புறத்தில் நீங்கள் காண்பது சுருள் ஸ்பிரிங். எழுதுகோலினுள் இருக்கும் சிறு சுருளை விரல்களுக்கிடையே நிறுத்தி அழுத்திப் பாருங்கள். நேராக அழுத்தினால் தாங்கும். சற்றே பக்கவாட்டில் தள்ளினால் வளைந்து நழுவிவிடும். சுருள் ஸ்பிரிங்கிற்குப் பாரத்தைத் தாங்கத் தெரியுமே அன்றி, சக்கரத்தை அதன் இடத்தில் நிறுத்தத் தெரியாது. அந்த இரண்டாவது பணிக்கென்று தனியே ஓர் உறுப்பு வேண்டியதாயிற்று. அவ்வுறுப்பே கண்ட்ரோல் ஆர்ம். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. கை சக்கரத்தின் இடத்தைக் காக்கிறது. இந்த ஒரு வேறுபாடு நன்கு விளங்கினால் பட்டறையில் சொல்லப்படுபவற்றுள் பாதி தானே விளங்கிவிடும்.

சக்கரத்திற்கு வேண்டியவை யாவை? அது மேலும் கீழும் தடையின்றி அசைய வேண்டும். முன்சக்கரமாயின் ஸ்டியரிங்கைத் திருப்புகையில் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். ஆனால் முன்னும் பின்னும் நகரக்கூடாது. உள்நோக்கியும் வெளிநோக்கியும் நகரக்கூடாது. சில அசைவுகளுக்கு முழு உரிமை, வேறு சில அசைவுகளுக்கு முழுத்தடை. இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றுவது எளிதன்று. ஆகையால் கையின் இரு முனைகளும் இரு வேறு விதமாக அமைக்கப்பட்டுள்ளன. வண்டியின் உடலை ஒட்டிய முனை, கதவின் கீலைப் போன்றது. மேலும் கீழும் மட்டுமே ஆடும். அங்கே எஃகுக் குழல்களுக்கிடையே ரப்பர் வைத்து ஒட்டிய புஷ் இருக்கிறது. சக்கரத்தை ஒட்டிய முனையிலோ பால் ஜாயிண்ட் எனப்படும் உருண்டை மூட்டு. நம் இடுப்பில் தொடையெலும்பின் உருண்டைத் தலை ஒரு கிண்ணத்தில் அமர்ந்து எல்லாப் பக்கமும் சுழல்கிறதன்றோ? பள்ளிப் பாடநூல் அதைப் பந்துக் கிண்ண மூட்டு என்னும். பால் ஜாயிண்டும் அவ்வாறே. அதனால்தான் சக்கரம் ஒரே நேரத்தில் மேலேறவும் திரும்பவும் முடிகிறது.

இதன் வரலாறும் சுவையானது. 1930களின் தொடக்கம் வரை பெரும்பாலான கார்களின் முன்புறத்திலும் லாரியைப் போல் ஒரே இரும்பு அச்சுத்தான் இருந்தது. இடச்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அச்சு முழுவதும் சாய்ந்து, வலச்சக்கரமும் தன் நிலை திரியும். வேகம் கூடக்கூட முன்சக்கரங்கள் படபடவென்று நடுங்கும். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு அமெரிக்காவின் காடிலாக்கில் சேர்ந்த மாரிஸ் ஆலி என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், இக்குறையை ஆராய்ந்து, இரு முன்சக்கரங்களையும் தனித்தனியே அசையவிடும் அமைப்பை உருவாக்கினார். 1934ஆம் ஆண்டின் காடிலாக், பியூக் முதலிய வண்டிகளில் அது வெளிவந்தது. ஒவ்வொரு சக்கரத்திற்கும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை. ஒவ்வொன்றும் இரு கிளையாகப் பிரிந்து உடலோடு இணையும். கோழியின் மார்பில் கவட்டை போன்ற எலும்பொன்று இருக்கிறதே, அதன் ஆங்கிலப் பெயராலேயே இக்கைகள் விஷ்போன் எனப்பட்டன.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. மேற்கை குட்டை, கீழ்க்கை நீளம். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால், வளைவில் வண்டியின் உடல் சாயும்போது சக்கரங்களும் அதே அளவு உடன் சாயும். டயரின் விளிம்பு மட்டுமே தரையைத் தொடும். மேற்கையைக் குட்டையாக்கினால், சக்கரம் மேலேறும்போது அதன் தலைப்பகுதி சற்றே உள்ளிழுக்கப்பட்டு, டயரின் முழு அகலமும் தரையில் படிந்திருக்க ஏதுவாகிறது. சாலையைப் பற்றிக்கொண்டிருப்பது டயர்தான். ஆனால் அந்த டயரைச் சாலையில் சரியாகப் படிய வைப்பது இந்தக் கைகளின் நீளமும் கோணமுமே.

நம் நாட்டில் 2001 வரை உருவான பிரீமியர் பத்மினி, இத்தாலிய ஃபியட் 1100இன் வழிவந்தது. அதன் முன்புறத்தில் மேலும் கீழும் கைகளும் சுருள் ஸ்பிரிங்கும் இருந்தன. 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசடரிலோ சுருள் ஸ்பிரிங் இல்லை. வண்டியின் நீளவாக்கில் ஓர் எஃகுத் தண்டு கிடந்து, கீழ்க்கை ஏறி இறங்கும்போது முறுக்கிக்கொண்டு, அம்முறுக்கினாலேயே ஸ்பிரிங்கின் வேலையைச் செய்தது. அந்தக் கால ஓட்டுநர்கள் கிரீஸ் துப்பாக்கியுடன் வண்டிக்கடியில் படுத்திருக்கும் காட்சி பலருக்கு நினைவிருக்கலாம். முன்சக்கர மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள்கள் இருந்தன. காலந்தவறாமல் கிரீஸ் செலுத்தினால் அவை நெடுநாள் உழைத்தன. இன்றைய கார்களில் பெரும்பாலும் கிரீஸை உள்ளே வைத்து மூடிவிடுகின்றனர். பராமரிப்பு குறைந்தது என்று மகிழலாம். ஆனால் மாதந்தோறும் குனிந்து பார்க்கும் பழக்கமும் அத்துடன் போயிற்று என்பதே என் வருத்தம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது வேறோர் அமைப்பும் நம் சாலைகளில் பரவியது. ஏர்ல் மேக்பெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வகுத்த முறை அது. 1950இல் இங்கிலாந்தில் வெளியான ஃபோர்டு கான்சல், செபிர் வண்டிகளால் புகழடைந்தது. இதில் மேற்கையே கிடையாது. ஷாக் அப்சார்பரும் சுருள் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இணைந்து, அதன் அடிமுனை சக்கரத்தின் கணுவோடு இறுகப் பொருந்தி, மேல்முனை பானெட்டுக்குள் வண்டியின் உடலில் அமர்ந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது கீழ்க்கை ஒன்றே. இடம் மிச்சம், செலவும் மிச்சம். ஆகையால் இன்று நம் சாலைகளில் ஓடும் சிறு கார்களுள் மிகப் பெரும்பாலானவை இவ்வகையே. மேலே ஒன்று கீழே ஒன்று என்றிருந்த இடத்தில் இப்போது அந்த ஒற்றை லோயர் ஆர்ம் தேய்ந்தாலும் வண்டியின் ஓட்டம் உடனே கெட்டுவிடுகிறது. பட்டறையில் அப்பெயர் அடிக்கடி ஒலிப்பதற்குக் காரணம் இதுவே.

மாருதி 800இன் கீழ்க்கை மெலிந்த ஒற்றைக்கோல். அது சக்கரம் உள்ளும் வெளியும் நகராதபடி மட்டும் காக்கும். முன்பின் நகராமல் பிடிப்பது, இரு கைகளையும் இணைத்து வளைந்து செல்லும் ஸ்டெபிலைசர் பார் என்னும் கம்பி. ஆகவே அவ்வண்டியில் அக்கம்பியின் புஷ் தேய்ந்தாலும் லோயர் ஆர்ம் தேய்ந்ததைப் போன்ற குறிகளே தோன்றும். வேறு பல கார்களில் கீழ்க்கை அகன்ற முக்கோணமாகவோ வளைந்த கவட்டையாகவோ இருந்து, இரு புஷ்களால் உடலோடு இணைகிறது. அவ்விரண்டனுள் ஒன்று கெட்டியாக இருந்து வளைவுகளில் சக்கரத்தை இறுகப் பிடிக்கும். மற்றொன்று சற்று மென்மையாக இருந்து, சக்கரம் பள்ளத்தில் மோதும்போது மயிரிழையளவு பின்னே நகர இடங்கொடுத்து, அவ்வதிர்ச்சி நம்மை எட்டாமல் செய்யும். முதலில் பழுதாவது பெரும்பாலும் இந்த மென்மையான புஷ்தான்.

புஷ் எதனால் பழுதாகிறது? மூப்பு முதற்காரணம். ரப்பர் ஆண்டுகள் செல்லச்செல்ல இறுகி வெடிக்கும். ஓடாமல் நிறுத்தி வைத்த வண்டியிலும் வெடிக்கும். மேடு பள்ளங்களும், முன்னறிவிப்பின்றி எழுப்பப்பட்ட வேகத்தடைகளும் இரண்டாம் காரணம். பள்ளத்தினுள் பிரேக்கை அழுத்தியபடியே இறங்குவது அதற்கு மிகப்பெரும் கேடு. பிரேக் பிடித்த சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் உருளாமல் முட்டும். அம்மோதலின் வேகம் முழுவதையும் கையும் புஷ்ஷும் ஏற்க நேரிடும். பள்ளத்தை அடையுமுன் வேகத்தைக் குறைத்து, இறங்கும் கணத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுவதே முறை.

மூன்றாவது காரணம் நாமே தேடிக்கொள்வது. கடலோரப் பங்குகளில் உள்ளோர் இதைக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றால் அடிப்பாகம் துருப்பிடிக்கிறது என்று, வண்டியைக் கழுவும் இடங்களில் கழிவு எண்ணெயையோ டீசலையோ அடியில் தெளிக்கச் செய்யும் வழக்கம் இருக்கிறது. இரும்புக்கு அது நன்மை செய்யலாம். ரப்பருக்கு நஞ்சு. எண்ணெய் பட்ட இயற்கை ரப்பர் உப்பிப் பதங்கெட்டுப் பிளக்கும். துருவைத் தடுக்க வேண்டுமாயின் அதற்கெனவே உள்ள பூச்சு இருக்கிறது. புஷ்களையும் பால் ஜாயிண்டின் ரப்பர் உறையையும் மறைத்துவிட்டு அதைப் பூசச் சொல்லலாம்.

இனி, பழுதின் அறிகுறிகள். பிரேக் பிடிக்கும் தொடக்கத்திலும், பின்னோக்கி நகர்த்தி நிறுத்துகையிலும் முன்புறத்தில் "டொக்" என்று ஒரு முறை ஓசை எழுந்தால் புஷ்ஷை ஐயுறுங்கள். பிரேக் சக்கரத்தைப் பின்னே தள்ளுகிறது. ரப்பர் கிழிந்திருந்தால் கை தளர்ந்து நகர்ந்து இரும்பில் முட்டுகிறது. அந்த ஓசையே அது. நேர்ச்சாலையில் வண்டி தன் போக்கில் இடமும் வலமும் அலைவது, பிரேக் பிடித்தால் ஒருபுறம் இழுப்பது, டயரின் உள்விளிம்பு மட்டும் விரைந்து தேய்வது ஆகியனவும் அறிகுறிகளே. வேகத்தடையில் மெல்ல ஏறி இறங்குகையில் கட்டில் முனகுவது போன்ற கிறீச்சொலி கேட்டால், அது வறண்டுபோன பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம், இறுகிப்போன புஷ்ஷாகவும் இருக்கலாம். ஷாக் அப்சார்பரின் மேல்முனையாகவும் இருக்கலாம். ஓசையை மட்டும் கேட்டு உறுதியாகக் கூறுபவரை நான் நம்புவதில்லை.

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் பணத்தை வீணாக்குகின்றன. டயர் தேய்கிறது என்றதும் வீல் அலைன்மெண்ட் செய்கின்றனர். சில வாரங்களில் மீண்டும் தேய்கிறது, மீண்டும் அலைன்மெண்ட். பிறகு புதிய டயர்கள். அவையும் தேய்கின்றன. அலைன்மெண்ட் என்பது சக்கரத்தின் கோணங்களை அளந்து சரிப்படுத்துவது. வண்டி நிற்கும்போது அளந்து சரிப்படுத்திய கோணம், கிழிந்த புஷ்ஷோடு ஓடத் தொடங்கியதும் மாறிவிடுகிறது. தளர்ந்த முளையில் கட்டிய கயிற்றை எத்தனை முறை இறுக்கினாலும் என்ன பயன்? முதலில் கையும் புஷ்ஷும் பால் ஜாயிண்டும் செம்மையாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அலைன்மெண்ட் அதன் பின்னரே. இந்த வரிசையை மாற்றிச் செய்யச் சொல்லும் பட்டறைக்கு இரண்டாம் முறை போக வேண்டியதில்லை.

புஷ் கிழிந்தால் ஓட்டம் கெடும். பால் ஜாயிண்ட் கழன்றால் நிலைமை வேறு. உருண்டை தன் கிண்ணத்திலிருந்து வெளியே வந்துவிட்டால், சக்கரத்தின் அடிப்பாகத்தைப் பிடிக்க எதுவுமில்லை. சக்கரம் வெளிப்புறமாக மடிந்துவிடும். அப்பக்கம் வண்டி தரையில் இறங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனிராது. இது பட்டறை வாசலில் மெதுவாகத் திருப்பும்போது நேரலாம். நாற்கர நெடுஞ்சாலையில் பிள்ளைகள் பின்னிருக்கையில் உறங்கும்போதும் நேரலாம். நல்வாய்ப்பாக, பால் ஜாயிண்ட் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றிக் கழல்வதில்லை. முதலில் அதன் ரப்பர் உறை கிழியும். கிழிசல் வழியே நீரும் மணலும் புகும், கிரீஸ் கரைந்து போகும், உருண்டையும் கிண்ணமும் தேயும், ஆட்டம் உண்டாகும். இவ்வளவும் நடைபெறுவதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களுள் யாரேனும் ஒருவர் கீழே குனிந்து பார்த்தால் போதும்.

எனவே மெக்கானிக்கிடம் அச்சமின்றிக் கூறுங்கள்: "ஐயா, எங்கே ஆட்டம் இருக்கிறது என்று எனக்குக் காட்டுங்கள்." நேர்மையான பட்டறைக்காரர் இதற்குச் சினங்கொள்ளமாட்டார், காட்டுவதில் அவருக்குப் பெருமையே. எல்லா மெக்கானிக்கையும் கள்வரெனக் கருதும் போக்கு நம்மிடையே உண்டு; அது அறவே தகாது. ஆனால் பார்க்காமலேயே மாற்றச் சொல்பவருக்கும், காட்டியபின் மாற்றச் சொல்பவருக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்வது குடும்பத்தலைவரின் கடமை.

சோதிக்கும் முறை இது. வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, சக்கரத்தைக் கடிகார முகமாக எண்ணி, பன்னிரண்டு மணி இடத்தில் ஒரு கையும் ஆறு மணி இடத்தில் மறு கையும் வைத்து, உள்ளும் வெளியுமாக அசைக்க வேண்டும். ஆட்டம் தென்பட்டால் அது பால் ஜாயிண்டாகவோ வீல் பேரிங்காகவோ இருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. வேறொருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை அழுத்திக்கொள்ளட்டும். அப்போது ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் மூட்டு. மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் மட்டும் ஆட்டம் இருந்தால் அது லோயர் ஆர்மைச் சேர்ந்ததாக இராது. பெரும்பாலும் ஸ்டியரிங்கின் டை ராட் முனையாகவே இருக்கும். புஷ்ஷைக் காண, கைக்கும் உடலுக்கும் இடையே நெம்புகோலை வைத்து மெல்ல நெம்பினால், ரப்பர் பிளந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

ஜாக்கியை வைக்கும் இடமும் முக்கியம். மேக்பெர்சன் வகையில் வண்டியின் பாரம் தூண் வழியாகவே சக்கரத்திற்குச் செல்கிறது. கீழுள்ள பால் ஜாயிண்ட் பாரம் சுமப்பதில்லை. ஆகவே உடலின்கீழ் ஜாக்கியை வைத்து, சக்கரத்தைத் தொங்கவிட்டுச் சோதிக்கலாம். இன்னோவா, இன்னோவா கிரிஸ்டா போன்று மேலும் கீழும் கைகள் கொண்டு, ஸ்பிரிங் கீழ்க்கையின்மேல் அமர்ந்திருக்கும் வண்டிகளில் அவ்வாறு செய்தால், ஸ்பிரிங்கின் விசையே மூட்டை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும். அவற்றில் கீழ்க்கையின் அடியிலேயே, மூட்டுக்கு அருகில் ஜாக்கியைக் கொடுத்து உயர்த்த வேண்டும். எவ்வகை வண்டியாயினும், ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி அதனடியில் தலையையோ கையையோ நீட்டாதீர்கள். உறுதியான ஸ்டாண்டு வைத்த பின்னரே நீட்டுங்கள்.

பழுது உறுதியாயிற்று. கை முழுவதையும் மாற்றுவதா, புஷ்ஷை மட்டும் மாற்றுவதா? இரும்புக்கை வளையாமல், துரு தின்னாமல் இருந்து, பால் ஜாயிண்டும் நன்றாக இருந்தால், பழைய புஷ்ஷை அழுத்தியெடுத்துப் புதியதை அழுத்திப் பொருத்தலாம், செலவு குறையும். அதற்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கிய புஷ் அப்போதே பாதி பழுதாகியிருக்கும். பால் ஜாயிண்ட் கையோடு பிரிக்க இயலாதவாறு அமைந்த வண்டிகளில் முழுக் கையையும் மாற்ற வேண்டிவரும். அதைக் கேட்டு உடனே ஐயுற வேண்டாம். வளைந்த கையைப் பழுக்கக் காய்ச்சி அடித்து நிமிர்த்துவதற்கும், விரிசலைப் பற்றவைப்பதற்கும் மட்டும் ஒருபோதும் இசையாதீர்கள். காய்ச்சிய எஃகு தன் உறுதியை இழந்துவிடும். மறுமுறை முறியும்போது எச்சரிக்கை தராது. மலிவு விலைப் போலிப் பாகங்களைப் பற்றியும் இதையே கூறுவேன். ஒலிபெருக்கியில் போலியை வாங்கினால் பாட்டுத்தான் கெடும்.

இரு பக்கமும் மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். கட்டாயம் இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே வயதினவாகையால், ஒன்று கிழிந்தபின் மற்றதையும் பார்க்கச் சொல்வது அறிவுடைமை.

பொருத்தும்போது நேரும் ஒரு பிழையைப் பலர் அறியார். சில பட்டறைகளும் பொருட்படுத்துவதில்லை. பெரும்பாலான புஷ்களில் ரப்பர் உள்குழலோடும் வெளிக்குழலோடும் ஒட்டப்பட்டிருக்கிறது. கை அசையும்போது குழல் சுழல்வதில்லை. ரப்பரே முறுக்கிக்கொண்டு மீள்கிறது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கை தாழ்ந்திருக்கும். அந்நிலையிலேயே போல்ட்டை முழுவதும் இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் கை உயர்ந்து, ரப்பர் நின்ற இடத்திலேயே முறுக்குண்டு கிடக்கும். ஓடும் நேரமெல்லாம் அம்முறுக்கோடு வாழும் புஷ் விரைவில் கிழியும். "போன ஆண்டுதான் மாற்றினேன், மீண்டும் போய்விட்டது" என்று முறையிடுவோர் பலருடைய வண்டியில் நடந்தது இதுவாக இருக்கலாம். எனவே போல்ட்டை முதலில் இலேசாகப் பூட்டி, வண்டியின் பாரம் சக்கரங்களின்மேல் இறங்கிய பிறகே முழுவதும் இறுக்க வேண்டும். தயாரிப்பாளரின் பணிக்கையேடுகளும் இவ்வாறே கூறும். இதை நீங்கள் பணிவோடு நினைவூட்டினால் எந்த மெக்கானிக்கும் உங்களைப் புதிய மரியாதையோடு பார்ப்பார்.

பால் ஜாயிண்டின் நட்டு, பல வண்டிகளில் கோட்டை மதில் போல் வெட்டுகள் உடையது. அதனூடே காட்டர் பின் என்னும் சிறு கம்பி செருகி மடிக்கப்படும். கழற்றிய பழைய கம்பியை நிமிர்த்தி மீண்டும் செருகுவது கூடாது. அதன் விலை ஒரு கோப்பைத் தேநீரினும் குறைவு. வேறு வண்டிகளில் தானே இறுகும் நட்டுகள் இருக்கும். அவற்றையும் ஒவ்வொரு முறையும் புதிதாகவே போட வேண்டும்.

இறுதியாக அலைன்மெண்ட். புதிய கை பொருத்தியதும் அன்றே அதைச் செய்துவிடுவது நன்று. இயந்திரம் அச்சிட்டுத் தரும் தாளில் மூன்று அளவுகள் காணப்படும். சக்கரத்தை முன்னிருந்து பார்க்கும்போது அதன் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். மிதிவண்டியின் முன்கவை முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அது தானே நேராக ஓட விழைகிறது. காரில் அதையொத்த சாய்வே காஸ்டர். நாம் நிற்கும்போது பாதங்கள் உட்புறமோ வெளிப்புறமோ திரும்பியிருப்பதைப் போல, சக்கரங்கள் மேலிருந்து பார்க்க எவ்வாறு திரும்பியுள்ளன என்பது டோ. சிறு கார்கள் பலவற்றில் இவற்றுள் டோ ஒன்றையே திருகிச் சரிப்படுத்த முடியும். மற்றவை கையின் நீளத்தாலும் அமைப்பாலும் உருவாகுபவை. ஆகவே தாளில் இடப்பக்கக் காஸ்டருக்கும் வலப்பக்கக் காஸ்டருக்கும் இடையே பெரும் வேறுபாடு தென்பட்டு, "அதை ஒன்றும் செய்ய முடியாது" என்று கூறப்பட்டால், வளைந்துபோன ஏதோ ஒரு பாகம் இன்னும் வண்டியில் இருக்கிறது என்று பொருள். அதனைத் தேடச் சொல்லுங்கள். வேலைக்கு முன் எடுத்த தாள், பின் எடுத்த தாள் இரண்டையும் கேட்டு வாங்கி, வண்டியின் ஆவணங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு பட்டறைக்குச் சென்றாலும், வண்டியை விற்கும்போதும், அவை பயன்படும்.